ஏழாவது வேட்டு

நெஞ்சுவலி வந்து பிழைத்தவன் என்று தெரிந்தால் ஆட்கள் தேடி வந்து கேட்கிறார்கள். வலி எப்படி இருந்தது, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா, இந்தச் சோர்வு எப்போது போகும் என்று கேட்கிறார்கள். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச வராது. நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது அந்தக் கூச்சம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் கிணற்றுக்கு வேட்டு வைப்பது. ஏரியூர்ப் பக்கம் பத்தடிக்குக் கீழே எங்கே தோண்டினாலும் பாறைதான். பாறையில் தமரை நிறுத்திச் சம்மட்டியால் அடித்துக் குழி போடுவோம். தமர் என்பது முனை தீட்டிய நீளமான இரும்புக் கம்பி. குழிக்குள் தோட்டாவை இறக்கி, திரி வைத்து, மண்ணை இறுக்கி அடைப்பேன். திரிகளைக் கொளுத்திவிட்டு, வெடிப்பதற்குள் கயிற்றில் மேலே வந்துவிட வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டு உண்டு. கொளுத்தியவன்தான் வெடிகளை எண்ண வேண்டும். இருவர் எண்ணினால் ஒருவர் ஆறு என்பார், ஒருவர் ஏழு என்பார், சண்டை வரும், வேலை நின்றுபோகும் என்று முன்னால் இருந்தவர்கள் வைத்த கட்டு. எத்தனை குழியோ அத்தனை கூழாங்கல்லை மடியில் கட்டிக்கொள்வேன். ஒரு வெடி கேட்டால் ஒரு கல்லைக் கீழே போடுவேன். மடி காலியானால் இறங்கலாம். ஒரு கல் மிஞ்சினால் ஒரு குழி வெடிக்கவில்லை என்று அர்த்தம். அதை ஊமை என்போம். ஊமை இருக்கிற கிணற்றில் மறுநாள்வரை யாரும் இறங்கக் கூடாது. அந்தக் குழியில் எந்த நாளும் இரும்பு படக் கூடாது. தள்ளி இன்னொரு குழி போட்டு, அந்த வெடியிலேயே இதையும் சேர்த்து முடித்துவிட வேண்டும். என்னோடு வேலை கற்ற கோவிந்தன், ஊமை என்று தெரியாமல் ஒரு குழியில் தமரை இறக்கினான். அவனைக் கூடையில்தான் மேலே எடுத்தோம். மூன்று முறை கூடை இறங்கியது.

இதைத் தெரிந்துகொண்டால்தான் என் நோயை நான் சொல்ல முடியும்.

எழுபதுகளின் தொடக்கம். மழை பொய்த்த மூன்றாவது கோடை. சவரிமுத்து என்பவரின் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தோம். நாற்பதடி ஆழம். உருளையில் கயிறு இழுக்க நான்கு பேர். எனக்குத் துணையாக என் மைத்துனன் மாதையன். அவன் என் மனைவி பச்சையம்மாளின் தம்பி, பதினைந்து வருஷமாக என்னோடுதான் வேலை. அன்று ஏழு குழி. ஆறுக்குத் திரி கொளுத்திவிட்டேன். ஏழாவது குழி வடக்கு மூலையில், பாறையில் வெள்ளைக் கல் ரேகை ஓடுகிற இடத்தில் இருந்தது. அதற்குக் குனிந்தேன். திரி சீறியதைப் பார்த்தேன். அப்போது அடி விழுந்தது.

ஒரு முறை சம்மட்டி காம்பிலிருந்து உருவி வந்து என் விலாவில் அடித்திருக்கிறது. அது வெளியே இருந்து வந்த அடி. இது உள்ளே இருந்து வந்தது. நடு நெஞ்சில் தமரை நிறுத்தி யாரோ அடிக்கிற மாதிரி இருந்தது. இடது கை தோளிலிருந்து விரல் வரை மரத்துவிட்டது. தாடை இறுகியது. வேர்வை கண்ணை மறைத்தது. சுற்றிலும் ஏழு திரி சீறிக்கொண்டிருக்க, கயிற்றுச் சுருக்கில் காலை விட்டேன். அதற்கு மேல் என்னால் ஆகவில்லை. மேலிருந்து பார்த்த மாதையன், "இழுங்கடா! இழுங்கடா, மாமா சாயறாரு!" என்று அலறினான்.

கரையில் போட்டு என்னை இழுத்துக்கொண்டு ஓடும்போதே முதல் வெடி வெடித்தது. கல் மழை பெய்தது. ஒரு கல் என் கணுக்காலைக் கிழித்தது. புளியமரத்துக்குப் பின்னால் என்னைக் கிடத்தி, காற்று வரட்டும் என்று மாதையன் என் வேட்டியைத் தளர்த்தினான். மடியிலிருந்த ஏழு கல்லும் மண்ணில் கொட்டின. காதால்தான் எண்ணினேன். ஒவ்வொரு வெடியும் தரை வழியாக முதுகில் ஏறி நெஞ்சில் குத்தியது. நெஞ்சும் தன் பங்குக்கு இடித்தது. வாந்தி எடுத்தேன்.

"எண்ணுனீங்களா மாமா?"

"ஏழு" என்றேன்.

புளி மூட்டை ஏற்றிக்கொண்டு தருமபுரி போகிற லாரி ஒன்று கிடைத்தது. மூட்டைகள் மேல் என்னைப் படுக்கவைத்து, உருண்டுவிடாமல் இருக்க மாதையன் என் மேல் குறுக்காகக் காலைப் போட்டுப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு பள்ளத்திலும் செத்துப் பிழைத்தேன். இன்றைக்கும் ரசம் கொதிக்கிற வாசனை வந்தால் என் இடது கை வலிக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். கை கால்களில் தகடு கட்டி, நெஞ்சில் ஒரு கிண்ணத்தை ஒட்டி, ஒரு பெட்டியிலிருந்து நீளமாகக் காகிதம் எடுத்தார்கள். அதில் மலையும் பள்ளமுமாகக் கோடு இருந்தது. டாக்டர் அதைப் பச்சையம்மாளிடம் காட்டி விளக்கினார். இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற ஒரு குழாய் அடைத்துவிட்டது. அந்தக் குழாய் பாய்ந்த இடத்துச் சதை செத்துவிட்டது. செத்த இடம் தழும்பாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அசைந்தால் அந்த இடம் கிழியும். "கிழிஞ்சா?" என்று கேட்டாள். டாக்டர் காகிதத்தைச் சுருட்டினார்.

மூன்று வாரம் மல்லாந்த படுக்கை. எழுந்து உட்காரக் கூடாது. நானாகச் சாப்பிடக் கூடாது. பச்சையம்மாள் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். மலஜலம் படுக்கையிலேயே. திரை கிடையாது. தட்டு வைக்கும் தாதி என்னைவிடச் சின்னப் பெண். அந்தக் கூச்சத்தில் நான்கு நாள் அடக்கி வைத்திருந்து வயிறு கல்லாகிவிட்டது. இதையும் எழுதத்தான் வேண்டும். அடக்காதீர்கள். முக்கினால் இருதயத்துக்குத்தான் கெடுதி என்று அந்தப் பெண்ணே பிறகு திட்டினாள்.

மாத்திரைகளில் ஒன்று நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வது. வலி வந்தால் வைக்க வேண்டும். சுருக்கென்று குத்தும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இளகும், ஆனால் தலைவலி ஆரம்பிக்கும். இரண்டு பொட்டிலும் சம்மட்டி. அந்தத் தலைவலி எனக்குப் புதியது இல்லை. இரண்டாம் வாரம் டாக்டரிடம் வாய் திறந்தேன்.

"தலை இடிக்குதுங்க. கையால தோட்டா ஒடச்சுப் போட்ட அன்னிக்கெல்லாம் இப்படித்தானுங்க இடிக்கும்."

"என்ன தொழில் உங்களுக்கு?"

"கெணத்துக்கு வேட்டு வைக்கறதுங்க."

அவர் சிரித்துவிட்டார். "நைட்ரோகிளிசரின். உங்க தோட்டாவுல இருக்கறதும் இதுதான், இந்த மாத்திரையில இருக்கறதும் இதுதான். இதுல துளியிலும் துளி. ரத்தக் குழாயை விரிக்கும். தலையில இருக்கற குழாயும் சேந்து விரியுது, அதான் வலி."

பக்கத்துக் கட்டிலில் தருமபுரிக்காரர் ஒரு பாய் இருந்தார். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். அறுபது வயது. அவருக்கும் இருதயம்தான். "அப்ப இவரு பக்கத்துல பீடி பத்த வைக்கக் கூடாதுங்களா டாக்டர்?" என்றார்.

"நீங்க எங்கயுமே பத்த வைக்கக் கூடாது பாய்."

இன்னொன்று சின்ன வெள்ளை மாத்திரை. களைத்துப்போன இருதயத்தைச் சாட்டை போட்டு ஓட்டுகிற மாத்திரை என்று நான் புரிந்துகொண்டேன். அதோடு உடம்பு நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை. வெள்ளை மாத்திரை பத்து நாள் உள்ளே போனதும் சோற்றைக் கண்டால் குமட்டியது. அப்புறம் ஒருநாள் சுவர் மஞ்சளாகத் தெரிந்தது. போர்வை, பால், பச்சையம்மாளின் கண்முழி, எல்லாம் மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி. பாயிடம் மெல்லச் சொன்னேன்.

"எனக்கும்தான் தம்பி. இந்த மாத்திர முன்னாடியே கெடச்சிருந்தா நான் எதுக்கு ஈயம் பூசப் போறேன்? பித்தளையெல்லாம் தங்கம்னு வித்திருப்பேன்."

டாக்டரிடம் சொல்லவில்லை. கண்ணும் கெட்டுவிட்டது என்றால் இன்னும் வைத்துக்கொள்வார்கள் என்று பயம். அதோடு கூச்சம். இந்தத் தப்புக்கு நான் கொடுத்த விலை பின்னால் வருகிறது.

மூன்றாம் வாரத்தில்தான் அந்தச் சந்தேகம் வந்தது. கண்ணை மூடினால் வெடிகள் வரிசையாகக் கேட்டன. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழுவரை எண்ணுவேன். ஆனால் அந்த ஏழில் ஒன்று கிணற்றுக்குள் வெடித்ததா, என் நெஞ்சுக்குள் இடித்ததா? ஏழு என்று நான்தான் சொன்னேன். வேறு யாரும் எண்ணவில்லை. எண்ணக் கூடாது என்பதுதான் கட்டு. என் ஒரு சொல்லை நம்பி மாதையன் அந்தக் கிணற்றில் இறங்குவான்.

பச்சையம்மாளிடம் சொன்னேன். அவள் டாக்டரிடம் போய், "என்னென்னமோ பேசறாருங்க" என்றிருக்கிறாள். மருந்து வேகத்தில் சிலருக்குக் குழப்பம் வரும், பயப்பட வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மஞ்சள் கண்ணை நான் மறைத்ததால் அவருக்கும் அதற்கு மேல் தெரிய வழியில்லை.

மாதையன் வாரத்துக்கு ஒரு தடவை ராகிக் கூழ் கொண்டுவருவான். வந்தால் என் காலை மடியில் வைத்துப் பிடித்துவிடுவான்.

"மாதையா, கெணத்துல எறங்காத. ஊம இருக்குது."

"கல்லே இன்னும் அள்ளி முடிக்கலிங்க மாமா. ஆளுங்கல்லாம் புளி உலுக்கப் போயிட்டாங்க."

"அள்ளி முடிச்சதும் எறங்காத."

"நீங்கதான ஏழுன்னீங்க?"

"ஆறா இருக்கும்."

"அன்னிக்கு ஏழு. இன்னிக்கு ஆறு. அடுத்த வாரம் அஞ்சும்பீங்க. வூட்டுக்கு வர்றதுக்குள்ள நீங்க கெணத்துக்கே போவலன்னு ஆயிரும்." அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அவன் போன பிறகு பாய் என் பக்கம் தலையைத் திருப்பினார். "மாத்திரைக்குக் கலர மாத்தத்தான் தெரியும் தம்பி. கணக்க மாத்த அதுக்கு என்னா தெரியும்?"

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரம். பாய் ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தார். கிண்ணம் கீழே விழுந்தது. பார்த்தால் கண் மேலே சொருகிவிட்டது. டாக்டர் ஓடிவந்து, கட்டில் மேல் மண்டியிட்டு ஏறி, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அவர் நெஞ்சில் குத்தினார். இடித்தார். கட்டில் குதித்தது. என் கட்டிலும் அதிர்ந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் ஒன்று கேட்டது, இன்னொன்று கேட்டது. விலா எலும்பு. டாக்டர் நிறுத்தவில்லை. பாயின் வாயோரம் பாலும் ரத்தமும் வழிந்தது. கடைசியில் டாக்டர் இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த ரத்தமும் மஞ்சள் கலந்துதான் தெரிந்தது.

வெளியே இருந்து பார்த்தால் சாவு அமைதியாகப் படுத்திருப்பது போல இருக்கும். அப்படி இல்லை. நான் பக்கத்தில் கிடந்து பார்த்தேன்.

இருபத்து நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி சோர்வைப் பற்றிச் சொல்கிறேன். வேலை செய்து வரும் அலுப்பு வேறு. அது தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தால் நம்மோடு எழுந்துகொள்ளும். சட்டை போடுவது ஒரு வேலை, பொத்தான் போடுவது இன்னொரு வேலை. நடுவில் படுக்க வேண்டும். பதினெட்டு ராத்தல் சம்மட்டியை நாள் முழுக்கச் சுழற்றிய கையால் சொம்புத் தண்ணீரைத் தலைவரை தூக்க முடியவில்லை. பச்சையம்மாள்தான் குழந்தைக்கு ஊற்றுவது போல ஊற்றினாள். மாட்டுக் கொட்டகை வரை போனால் கழியைப் பிடித்து நிற்பேன். பார்க்கிறவர்கள், "நல்லாத்தான இருக்கீங்க" என்றார்கள். வெளியே ஒரு காயம் இல்லாததால் எனக்கே அது சோம்பல் போலத் தோன்றும். யாரையாவது அடிக்க வேண்டும் போல ஒரு ஆத்திரம் மட்டும் உடம்பில் பலமாக இருந்தது.

ஒருநாள், "மாதையன வரச் சொல்லு, கெணத்த வுடச் சொல்லு" என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"நீங்க பேசலிங்க. அந்த மாத்திர பேசுது" என்றாள் பச்சையம்மாள்.

கையில் சொம்பு இருந்தது. எறிந்தேன். இருபது வருஷத்தில் அவளை நான் ஒரு விரலால் தொட்டு அடித்ததில்லை. சொம்பின் விளிம்பு புருவத்தில் பட்டுத் தோல் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கி முகவாயில் சொட்டியது. எழுந்து போய்த் துணி எடுத்துக் கொடுக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே காப்பித்தூள் வைத்து அழுத்திக்கொண்டு, சொம்பை எடுத்துக் கழுவி, தண்ணீர் மொண்டு, என் பக்கத்தில் வைத்தாள். "இப்ப இதையும் எறிங்க. தெம்பு வந்திருக்குது, பாக்கலாம்" என்றாள். இந்த வரியை எழுதும்போதும் எனக்குத் தலை குனிகிறது.

அன்றுதான் பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. மாத்திரை பேசுகிறதா, நான் பேசுகிறேனா? மாத்திரையை நிறுத்தினால் தெரிந்துவிடும். வெள்ளை மாத்திரையையும் நீர் மாத்திரையையும் விழுங்குவது போலக் கன்னத்தில் ஒதுக்கி, பிறகு எடுத்துக் கூரை ஓட்டு இடுக்கில் செருகினேன். நான்கு நாள். மூன்றாம் நாள் குமட்டல் நின்றது. ஐந்தாம் நாள் காலை சோறு வெள்ளையாக இருந்தது. ஆனால் பாதம் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. இருமினால் நுரை வந்தது.

தலை மட்டும் கழுவிவிட்ட பாறை போல் தெளிந்திருந்தது. கண்ணை மூடி அந்த வெடிகளைக் கேட்டேன். வெடித்தால் வெடிச் சத்தத்தோடு முடியாது. எழும்பின கல் திரும்பி விழுகிற சத்தம் பின்னாலேயே வரும். படபடவென்று மரத்தில் விழும், மண்ணில் விழும். முதல் வெடிக்குக் கல் விழுந்தது. இரண்டுக்கு விழுந்தது. மூன்று, நான்கு. ஐந்தாவதாகக் கேட்டதற்குப் பின்னால் ஒரு கல்லும் விழவில்லை.

அது கிணற்றில் வெடிக்கவில்லை. என்னுள் இடித்தது.

அப்போது காற்றில் அந்தச் சத்தம் வந்தது. டங். டங். இரும்பு பாறையில் இறங்கும் சத்தம். கல் அள்ளி முடித்து, புதுக்குழி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பச்சையம்மாள் தண்ணீருக்குப் போயிருந்தாள். சவரிமுத்துவின் கிணறு எங்கள் வீட்டிலிருந்து மூன்று கொல்லை தள்ளி. கூப்பிடு தூரம்தான். கூப்பிடத்தான் எனக்குக் குரல் இல்லை. நடந்தேன். முதல் வரப்பில் உட்கார்ந்தேன். இரண்டாம் வரப்பில் நெஞ்சு பிடித்தது. நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தேன். சுருக்கென்று குத்தியது. தலையில் இடி ஆரம்பித்தது. டங் என்று அங்கே ஒன்று, பொட்டில் ஒன்று. சத்தம் நின்றுவிட்டால்தான் பயம். நிற்காத வரை அவன் உயிரோடு இருக்கிறான். மூன்றாம் கொல்லையில் கொஞ்ச தூரம் தவழ்ந்தேன்.

கரையில் உருளைக்காரர்களில் இருவரும் சவரிமுத்துவும் நின்றார்கள்.

"வாங்க மேஸ்திரி, காத்து வாங்க வந்தீங்களா?" என்றான் ஒருவன்.

நிறுத்து என்றேன். காற்றுதான் வந்தது.

"மாத்திர மயக்கம், பாவம்" என்றார் சவரிமுத்து. "அந்த நெழல்ல உக்காத்தி வைங்கப்பா. வூட்டுக்கு ஆள் அனுப்பலாம்."

எட்டிப் பார்த்தேன். அடியில் மாதையன் தனியாக இருந்தான். வடக்கு மூலை. வெள்ளைக் கல் ரேகை. தமரைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, மண் அடைத்த ஒரு குழியைக் கம்பிக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தான். சாய்வாகப் போட்ட குழி. என் குழி. வெடித்த குழிக்கு ஆழம் இருக்காது. சுற்றிலும் பாறை பிளந்து போயிருக்கும். அது முழுசாக இருந்தது. அவனுக்கும் அந்தப் பாடம் தெரியும். ஆனால் மாமா ஏழு என்று சொல்லிவிட்டார், ஏழும் வெடித்துவிட்டது, அப்படியானால் இது மாமா தோட்டா வைக்காமல் விட்ட உபரிக் குழி, வெடியில் மண் விழுந்து அடைத்திருக்கிறது, பாதி வேலை மிச்சம். அப்படித்தான் நினைத்தான் என்று பிறகு சொன்னான். என் சொல்தான் அவனை அந்தக் குழிக்கு மேல் உட்கார வைத்திருந்தது. கரண்டியை வைத்துவிட்டுத் தமரை எடுத்துக் குழியில் நிறுத்தினான். சம்மட்டியைத் தூக்கினான்.

கரையில் குவித்த கல்லில் ஒன்றை எடுத்தேன். தேங்காய் அளவு இருக்கும். எங்கிருந்து தெம்பு வந்தது என்று இன்றுவரை தெரியாது. போட்டேன்.

தோளில் விழுந்தது. எலும்பு ஒடிந்த சத்தம் மேலே கேட்டது. பாயின் நெஞ்சில் கேட்ட அதே சுள்ளிச் சத்தம். சம்மட்டி தெறித்துப் போனது. மாதையன் முகம் குப்புற விழுந்து, "ஐயோ கொன்னுட்டான்டா! என்னக் கொன்னுட்டான்டா!" என்று கத்தினான். உருளைக்காரன் ஒருவன் என் கழுத்தைப் பிடித்து வளைத்தான். இன்னொருவன் முகத்தில் அறைந்தான். பல் உதட்டைக் கிழித்தது. "பைத்தியக்காரப் பயலே, கொலகாரா!" என்று சவரிமுத்து என்னை மண்ணில் தள்ளி, நெஞ்சின் மேல் முழங்காலை வைத்தார். டாக்டர் கிழியும் என்று சொன்ன அதே இடம்.

கீழே சத்தம் நின்றுவிட்டது. அப்புறம் மாதையன் குரல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, மெல்ல வந்தது.

"மாமா… திரி இருக்குதுங்க மாமா. குழிக்குள்ள திரி இருக்குது."

சவரிமுத்து முழங்காலை எடுத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். மாதையனைக் கூடையில் மேலே எடுத்தார்கள். ஒரே முறைதான் கூடை இறங்கியது.

ஒரே மாட்டுவண்டியில் இருவரையும் ஏற்றினார்கள். நான் மூச்சு முட்டி உட்கார்ந்திருந்தேன், அவன் துண்டில் கையைத் தொங்கவிட்டு எதிரில் இருந்தான்.

"குறி தப்பிருச்சுங்களா மாமா, இல்ல இதான் குறிங்களா?"

"பக்கத்துல போடலாம்னுதான் பாத்தேன். கை நடுங்கிருச்சு."

"இதுக்குத்தான் மாத்திரய ஒழுங்காப் போடோணும்ங்கறது."

பச்சையம்மாள் நடுவில் உட்கார்ந்து, ஒரு கையால் என் முதுகையும் ஒரு கையால் அவன் முதுகையும் தாங்கிக்கொண்டிருந்தாள். அவள் புருவத்தில் காயம் இன்னும் ஆறவில்லை.

நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். நான் மாத்திரைகளை நிறுத்தியதைக் கேட்டு அவர் போட்ட சத்தத்தில் தாதிப் பெண் ஓடிவந்தாள். பிறகு குரலைத் தணித்து, "மஞ்சளாத் தெரிஞ்சதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேனே. அது மருந்து கூடிப் போச்சுன்னு உடம்பு அடிக்கற மணி" என்றார். வெள்ளை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். சோறும் வெள்ளையாக இருந்தது, காலும் வற்றியது. இவ்வளவுதான் வேண்டியிருந்தது. கூச்சப்பட்டு நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை என் நுரையீரலை நிரப்பியது, அவன் தோளை உடைத்தது. படிக்கிறவர்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். மாத்திரை என்ன செய்தாலும், அது எவ்வளவு கூச்சமாக இருந்தாலும், டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டாம் முறை பதினேழு நாள். பாய் இருந்த கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள்.

அந்த ஊமை கிணற்றுக்குள்ளேயே இருந்தது. நாங்கள் திரும்பி வந்த பிறகு, கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேட்டுக்காரரைச் சவரிமுத்து கூட்டிவந்தார். அவர் ஊமைக்கு ஒரு முழம் தள்ளிப் புதுக்குழி போட்டார். நானும் மாதையனும் அதே புளியமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். புதுக்குழிக்கு ஒன்று, ஊமைக்கு ஒன்று என்று நான் இரண்டு கூழாங்கல் பொறுக்கினேன். கம்பைநல்லூர்க்காரரும் தன் மடியில் இரண்டு கட்டியிருந்தார். என் கையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரு எண்ணக் கூடாதுங்களே" என்றார்.

"மூணு பேரு எண்ணப் போறோம்" என்றான் மாதையன், கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி.

வெடித்தது. தரை முதுகில் இடித்தது. கல் மழை பெய்து ஓய்ந்தது. நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அது பேசாமல் இருந்தது.

"ரெண்டு" என்றார் கம்பைநல்லூர்க்காரர்.

"ரெண்டுதாங்க" என்றான் மாதையன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முகம் சூடாகியது. நாலு பேர் எதிரில் பேசுவது எனக்கு எப்போதும் கஷ்டம்.

"எனக்கு ஒண்ணுதான் கேட்டுது" என்றேன்.

"ரெண்டும் சேந்தே போயிருக்கும்ங்க" என்று சவரிமுத்து சலித்துக்கொண்டார். "இன்னும் ஒரு நாளுங்களா?"

மாதையன் எழுந்து போய், உருளையிலிருந்து ஒற்றைக் கையால் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். நான் ஒரு கல்லைக் கீழே போட்டேன். இன்னொன்று மறுநாள் காலைவரை என் மடியிலேயே இருந்தது.